பேஸ் அடிக்கேக்க ஹெட்லைட் ஏன் மங்குது?

போன எபிசோட்டுக்கு வந்த கேள்விகளில் ஒன்றுக்கு இரண்டு நிமிடம்தான் பதில் சொல்ல முடிந்தது. எண்கள் இல்லாமல் அந்தப் பதில் அரைகுறை. அதனால் இந்தக் கிழமை மடல் முழுக்க அதுதான்.

ஸ்காபரோவில் இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். யுனிவர்சிற்றி இரண்டாம் வருடம். அம்மாவின் பழைய ஹொண்டா சிவிக்கில் 12 அங்குல சப்வூஃபர் ஒன்றும் 1000 வாட் ஆம்ப் ஒன்றும் பூட்டியிருக்கிறார். எல்லாம் பகுதிநேர வேலைக் காசு. இரவில் பேஸ் அடிக்கேக்க ஹெட்லைட் மங்கி மங்கி எரியுது. பூட்டிக் கொடுத்த கடையில் கேட்டால், "ஒரு ஃபராட் கப்பாசிற்றர் போடுங்கோ, சரியாகிடும்" என்று சொல்லியிருக்கினம். அம்மா இரவு வேலை முடிந்து அதே காரில்தான் 401 இல் வீட்டுக்கு வாறா. "வாங்கட்டா அண்ணா?" என்பது கேள்வி.

என் பதில்: இப்ப வாங்க வேண்டாம். அதுக்கு முதல் 20 டொலருக்கு ஒரு மல்டிமீற்றர் வாங்குங்கோ. மங்கும் ஹெட்லைட் என்பது உங்கள் கார் எழுதுகிற ஒரு லொக் வரி. "எனக்கு மின்சாரம் போதவில்லை" என்று மட்டும் அது சொல்லும். எங்கே போதவில்லை, எவ்வளவு நேரம் போதவில்லை என்று சொல்லாது. அந்த இரண்டும் தெரியாமல் எதை வாங்கினாலும் அது குலுக்கல் சீட்டுத்தான்.

காருக்குள் மின்சாரம் தருவது யார்?

பலர் பற்றரிதான் தருகிறது என்று நினைக்கிறார்கள். எஞ்சின் ஓடாதபோது அது உண்மை. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்சாரம் தருவது ஆல்டர்னேற்றர். எஞ்சின் ஒரு பெல்ட்டால் அதைச் சுற்றுகிறது, அது 14 வோல்ட் அளவில் மின்சாரம் தருகிறது.

உங்கள் அப்பாவோ மாமாவோ யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் என்றால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கோ. 1990களின் முதல் பாதியில் அங்கே கரண்ட் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து ரேடியோ கேட்டார்கள். சுற்றுகிறவர் களைத்தால் சத்தம் குறையும். வேகமாகச் சுற்றினால் திரும்ப வரும். ஆல்டர்னேற்றரும் அதே கதைதான். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அது தரக்கூடியது குறைவு. அதில் இருந்து கூட எடுத்தால் சுற்றுவது கஷ்டம். 14 வோல்டில் 100 அம்பியர் எடுத்தால் அது 1400 வாட். ஆல்டர்னேற்றரிலும் பெல்ட்டிலும் போகும் இழப்பைச் சேர்த்தால், எஞ்சினில் இருந்து கிட்டத்தட்ட 3 குதிரைவலு அதுக்கு மட்டும் போகுது.

பற்றரியின் எண் வேறு. அதற்குள் 6 செல்கள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட். மொத்தம் 12.6. முழுச் சார்ஜில் சும்மா இருக்கும் பற்றரியில் நீங்கள் பார்ப்பது இதுதான்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ: ஆல்டர்னேற்றர் 14.2, பற்றரி 12.6. வோல்ட்டேஜ் 14.2 இல் நிற்கும்வரை பற்றரி யாருக்கும் மின்சாரம் கொடுப்பதில்லை. அதுவும் ஒரு வாடிக்கையாளர்தான், சார்ஜ் எடுத்துக்கொண்டு நிற்கும். ஆல்டர்னேற்றரால் முடியாத அளவுக்கு யாராவது அம்பியர் கேட்டால் வோல்ட்டேஜ் விழும். 12.6 பக்கம் வந்தபிறகுதான் பற்றரி கை கொடுக்கும். 14.2 இல் இருந்து 12.6 க்கு இறங்குகிற அந்த இறக்கத்தைத்தான் நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள்.

கணக்குப் பார்ப்போம்

ஒரு சாதாரண காரில் 100 அம்பியர் ஆல்டர்னேற்றர் இருக்கிறது என்று வைப்போம். அந்த 100 வேகமாக ஓடும்போதுதான். சிவப்பு லைட்டில் நிற்கும்போது பாதி அளவுதான் வரும், 50 என்று வைப்போம். இனி ஜனவரி இரவு ஒன்றில் கார் எடுக்கும் அம்பியர்கள், தோராயமாக:

எஞ்சின் ஓட, பெற்றோல் பம்பும் இக்னிஷனும் கம்பியூட்டரும்: 15 முதல் 20.
ஹெட்லைட், பின் லைட், டாஷ்போர்ட்: 12. (55 வாட் ஹலோஜன் பல்புகள் இரண்டுக்கு மட்டும் 8.)
ஹீட்டர் ஃபேன் முழு வேகத்தில்: 15.
பின் கண்ணாடி டிஃப்ரொஸ்ட்: 15.
சூடாகும் சீற் இரண்டு: 8.

கூட்டினால் 65 முதல் 70. நின்ற இடத்தில் கிடைப்பதோ 50. பாட்டுப் போடுவதற்கு முதலே கார் கடனில் நிற்கிறது!

இனி ஆம்ப். நல்ல கிளாஸ் டி ஆம்ப் ஒன்று எடுக்கிற மின்சாரத்தில் 80 வீதத்தைச் சத்தத்துக்குக் கொடுக்கும், மிச்சம் சூடாகப் போகும். 1000 வாட் கொடுக்க 1250 வாட் எடுக்க வேண்டும். 14 வோல்டில் அது 89 அம்பியர். பழைய கிளாஸ் ஏபி ஆம்ப் என்றால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் திரும்பக் கொடுக்கும், அதனால் 130 அம்பியர்வரை போகும். இன்னொரு சங்கடம், பல ஆம்ப்களின் பவர் சப்ளை வோல்ட்டேஜ் விழுந்தாலும் அதே வாட்டைக் கொடுக்கப் பார்க்கும். அதே 1250 வாட்டுக்கு 12 வோல்டில் 104 அம்பியர் வேணும். அதாவது கார் களைக்கக் களைக்க ஆம்ப் இன்னும் கூடக் கேட்கும். ஒரு சேர்வர் பதில் தரப் பிந்தினால் எல்லா கிளையன்டும் திரும்பத் திரும்ப ரீட்ரை பண்ணி அதை விழுத்துகிற மாதிரி.

அப்படியானால் இந்த கார்கள் எல்லாம் எப்படி ஓடுது? பாட்டு என்பது தொடர்ந்து ஒரே அளவில் ஒலிக்கும் டோன் இல்லை. அடி, இடைவெளி, அடி, இடைவெளி. சராசரி எடுத்தால் ஆம்ப் உச்சத்தில் கேட்பதில் மூன்றில் ஒன்று அளவுதான் வரும். 89 இல்லை, 30 அம்பியர். இதனால்தான் உச்சத்தையும் சராசரியையும் பிரித்துப் பார்க்க வேணும். உச்சம் மட்டும் ஆல்டர்னேற்றரைத் தாண்டினால் அடிக்கு அடி லைட் துடிக்கும், இடைவெளியில் திரும்ப எழும்பும். சராசரியே தாண்டினால் பாட்டு முடியும்வரை வோல்ட்டேஜ் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும். முதலாவதோடு வாழலாம். இரண்டாவது ஒரு நாள் காரை வழியில் நிறுத்தும்.

எந்தப் பாட்டு என்பதும் முக்கியம். பழைய சினிமாப் பாட்டின் தபேலாவும் கிக் டிரம்மும் டக்கென்று அடித்து ஓயும். 1980 இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 இன் பேஸ் டிரம் அப்படியில்லை, அடித்தபிறகும் இழுத்துக்கொண்டே போகும். இன்றைக்கு ஹிப் ஹொப்பிலும் தமிழ்ப் பாட்டுகளிலும் அந்த நீண்ட "ஊம்ம்ம்" எங்கேயும் இருக்கு. ஒரே வொலியூமில், ஒரே காரில், ஒரு பாட்டுக்கு லைட் மங்காது, இன்னொன்றுக்கு மங்கும். கார் பழுதாகிவிட்டது என்று நினைக்கத் தேவையில்லை.

இவ்வளவு தெளிவாக ஏன் தெரியுது?

ஹலோஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு நேராகக் குறைவதில்லை. கிட்டத்தட்ட வோல்ட்டேஜின் 3.4 ஆம் அடுக்கில் குறையும். 14.2 இல் இருந்து 13.2 க்கு ஒரு வோல்ட் விழுந்தால் வெளிச்சத்தில் 22 வீதம் போச்சு. 12.6 க்கு விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. வோல்ட்டேஜில் 11 வீதம், வெளிச்சத்தில் 33 வீதம். மழையில், லைட் இல்லாத ரோட்டில், கறுப்பு ஜக்கெட் போட்ட ஒருவர் கடக்கும்போது அந்த மூன்றில் ஒன்று உங்களுக்குத் தேவை.

இன்னொரு விசயம். ஹலோஜன் இழை சூடாகவும் நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். எல்இடி பிரேக் லைட் பழைய பல்பைவிட சுமார் 0.2 விநாடி முந்தி எரிவது இதனால்தான். அப்படியென்றால் ஹெட்லைட் மங்குவதை உங்கள் கண் பிடித்துவிட்டது என்றால் வோல்ட்டேஜ் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்காவது கீழே இருந்திருக்க வேணும். இந்த எண்ணை மறக்க வேண்டாம், கப்பாசிற்றர் கதைக்குத் தேவை.

"என்ர கார் எல்இடி, மங்குறதே இல்லை, அப்ப எனக்குப் பிரச்சினை இல்லைத்தானே?" என்று சிலர் கேட்பீர்கள். எல்இடிக்கு முன்னால் ஒரு டிரைவர் சர்க்யூட் இருக்கும். வோல்ட்டேஜ் கொஞ்சம் விழுந்தாலும் அது அதே கரண்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும். செனன் லைட்டின் பலாஸ்ட்டும் அப்படித்தான். ஆக உங்கள் காரில் பிரச்சினை இருக்கலாம், அதைச் சொல்லும் லொக் மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கு. புதுக் கார் வைத்திருப்பவர்கள்தான் மீற்றர் வைத்துக் கட்டாயம் பார்க்க வேணும்.

கப்பாசிற்றர் கதை

"1000 வாட்டுக்கு ஒரு ஃபராட்" என்பது கார் ஓடியோ கடைகளில் பல வருடமாக ஓதப்படும் மந்திரம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம், ஹைஸ்கூல் ஃபிசிக்ஸ் போதும். கப்பாசிற்றரில் இருக்கும் சக்தி, பாதி தரம் ஃபராட் தரம் வோல்ட்டேஜின் வர்க்கம். 14.4 வோல்டில் இருந்து 12.6 க்கு இறங்கும்போது ஒரு ஃபராட் கப்பாசிற்றர் கொடுப்பது 24 ஜூல். ஆம்ப் கேட்பது விநாடிக்கு 1250 ஜூல். 24 ஐ 1250 ஆல் பிரித்தால் 0.019 விநாடி.

40 ஹேர்ட்ஸ் பேஸ் நோட்டின் ஒரு சுற்றுக்கே 0.025 விநாடி வேணும். ஒரு அலை முழுதாக முடிவதற்கு முதலே கப்பாசிற்றர் காலி. கண்ணுக்குத் தெரியும் மங்கலுக்குப் பத்தில் ஒரு விநாடி வேணும் என்று மேலே பார்த்தோம். 0.02 விநாடி மருந்தால் 0.1 விநாடி நோயை மாற்ற முடியாது. காலியானபிறகு அதைத் திரும்ப நிரப்ப வேணும், நிரப்புவதும் அதே களைத்துப்போன ஆல்டர்னேற்றர்தான்.

ஐடியில் வேலை செய்பவர்களுக்கு இது நல்லாய் விளங்கும். டேட்டாபேஸ் மெதுவாக இருக்கிறது என்று முன்னுக்கு ஒரு சின்னக் கேஷ் வைக்கிறோம். அரை விநாடி ஸ்பைக்குக்கு அது உதவும். நாள் முழுக்க டேட்டாபேஸ் தாங்குவதைவிடக் கூட ட்ராஃபிக் வந்தால் கேஷ் நிரம்பியபிறகு பழைய குருடி கதவைத் திறடி.

நியாயமாகச் சொன்னால் கப்பாசிற்றர் முழுப் பொய் இல்லை. டிக்கியில் இருக்கும் ஆம்ப்புக்குப் பக்கத்தில் வைத்தால் மில்லிவிநாடி அளவிலான திடீர்த் தேவைகளை அது சமாளிக்கும், ஆம்ப்புக்கு அது நல்லது. பெரிய சுப்பர் கப்பாசிற்றர் பாங்க் வேறு ரகம். 500 ஃபராட் செல் 6 ஐத் தொடராகப் பூட்டினால் 83 ஃபராட். அதே கணக்கில் அது 1.6 விநாடி தாங்கும். ஆனால் கடைக்காரர் உங்களுக்குக் காட்டிய, நீல லைட் எரிகிற, ஒரு ஃபராட் உருளையின் வேலை அது இல்லை.

மீற்றரோடு அரை மணித்தியாலம்

மீற்றரை டிசி வோல்ட்டில் வையுங்கோ. மின்/மேக்ஸ் பட்டன் இருக்கிற மீற்றர் என்றால் நல்லம், சாதாரண மீற்றரின் திரை வேகமான விழுக்காட்டைக் காட்டாது. காரை வெளியில் நிறுத்துங்கோ, மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓட விடவே கூடாது. ஸ்காஃப், தொங்கும் ஹூடி நாடா எதுவும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் போகக்கூடாது.

1. இரவு முழுக்க நின்ற காரில், எஞ்சின் போடாமல், பற்றரி முனைகளில் அளவுங்கோ. 12.6 பக்கம் வேணும். 12.4 க்குக் கீழே என்றால் பற்றரி முழுச் சார்ஜில் இல்லை, அல்லது வயது போய்விட்டது.

2. எஞ்சினைப் போட்டு, ஹெட்லைட்டை ஓன் பண்ணி, பாட்டு இல்லாமல் அதே இடத்தில் அளவுங்கோ. 13.8 முதல் 14.5 வரை வேணும்.

3. ஹீட்டர் ஃபேன், பின் டிஃப்ரொஸ்ட் எல்லாம் போடுங்கோ. நின்ற இடத்தில் எவ்வளவு விழுது என்று எழுதுங்கோ.

4. லைட்டை மங்க வைக்கும் அதே பாட்டை, நீங்கள் வழமையாகக் கேட்கும் வொலியூமில் போடுங்கோ. மிகக் குறைந்த எண்ணை எழுதுங்கோ. பாட்டு முழுக்க ஓட விட்டு, கடைசியில் திரும்ப எவ்வளவுக்கு வருது என்றும் பாருங்கோ. தொடர்ச்சியான டெஸ்ட் டோன் போட வேண்டாம், சப்பின் கொயில் எரிந்து போகலாம்.

5. அதே பாட்டு, ஆனால் இம்முறை மீற்றர் ஆம்ப்பின் பிளஸ், மைனஸ் முனைகளில்.

ஹொண்டாக்காரருக்கு ஒரு குறிப்பு. ஹொண்டாவின் பல மாடல்களில் ஃபியூஸ் பெட்டிக்குள் இஎல்டி என்று ஒரு சென்சர் உண்டு. கார் எவ்வளவு மின்சாரம் எடுக்குது என்று அது கம்பியூட்டருக்குச் சொல்லும். குறைவாக எடுத்தால், பெற்றோலை மிச்சம் பிடிக்க, கம்பியூட்டர் ஆல்டர்னேற்றரை 12.5 வோல்ட் பக்கம் இறக்கிவிடும். ஆம்ப்பின் வயர் நேராகப் பற்றரியில் இருந்து போவதால் இந்த சென்சருக்கு அது தெரியவே தெரியாது. ஓட்டோ ஸ்கேலிங் வைத்திருக்கிறீர்கள், ஆனால் பெரிய ட்ராஃபிக் மொனிட்டரிங்குக்கு வெளியால் போகுது என்ற மாதிரி. அதனால்தான் இரண்டாம் படியில் ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். பகலில் 12.5 ஐப் பார்த்துப் பயந்து ஆல்டர்னேற்றரை மாற்றிவிட வேண்டாம்.

எண்கள் என்ன சொல்லுது?

*பற்றரியில் 13.8, ஆம்ப்பில் 12.5.* ஆல்டர்னேற்றர் நல்லம், வயர்தான் பிரச்சினை. 5 மீற்றர் நீளமான 8 கேஜ் செம்பு வயரில் 89 அம்பியர் ஓடினால் 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 கேஜ் என்றால் 0.37. 1/0 கேஜ் என்றால் 0.15 க்குக் கீழே. மலிவுக் கிட்களில் வருவது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிப்பில் தடை ஒன்றரை மடங்கு. இதில் வேடிக்கை என்னவென்றால் இந்தப் பிரச்சினை ஹெட்லைட்டை மங்க வைக்காது, ஹெட்லைட் முன்னால் பற்றரிப் பக்கத்தில் இருந்து எடுக்குது. பேஸ்தான் சோர்ந்து போகும். ஆகவே லைட் மங்குது என்று ஆம்ப் வயரை மட்டும் தடிப்பாக்கினால், ஆம்ப் இன்னும் தாராளமாக எடுக்கும், லைட் இன்னும் மங்கும்!

*அடிக்கும்போது 12.8 க்கு விழுந்து, இடைவெளியில் உடனே 14 க்கு வருது.* உச்சம்தான் தாண்டுது, சராசரி இல்லை. ஆல்டர்னேற்றரின் ரெகுலேட்டர் ஒரு திடீர் லோடுக்கு அந்தக் கணமே பதில் சொல்லாது. சில கார்களில் ஐட்லிங்கில் எஞ்சின் திணறாமல் இருக்க வேண்டுமென்றே சில விநாடிகள் எடுத்து ஏற்றுவார்கள். இதற்கு நல்ல தொடுப்புகளும் ஆரோக்கியமான பற்றரியும் உதவும்.

*12.3 க்கு விழுந்து, பாட்டு முடியும்வரை ஏறவே இல்லை.* சராசரியே கூட. கப்பாசிற்றரோ இரண்டாவது பற்றரியோ இதைத் திருத்தாது. இரண்டாவது பற்றரியையும் அதே ஆல்டர்னேற்றர்தான் சார்ஜ் பண்ண வேணும், வாடிக்கையாளர் ஒருவர் கூடுவார், அவ்வளவுதான். வொலியூமைக் குறைப்பது, அல்லது பெரிய ஆல்டர்னேற்றர் போடுவது, இரண்டில் ஒன்று.

*பாட்டே இல்லாமல், லைட் போட்டும், 13.2 தான் வருது.* ஓடியோவைக் குற்றம் சொல்லாதேங்கோ. ஆல்டர்னேற்றரோ பெல்ட்டோ துருப்பிடித்த முனையோ, ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கோ. வோல்ட்டேஜைக் கம்பியூட்டர் கூட்டிக் குறைக்கிற புதுக் கார்களில் இந்த எண் தானாகவே ஏறி இறங்கும், அங்கே மெக்கானிக்கின் ஸ்கானர்தான் சரியான பதில் சொல்லும்.

எந்த ஒழுங்கில் திருத்துவது?

மலிவில் இருந்து விலைக்குப் போவோம்.

காசே இல்லாத வேலை முதலில். ஆம்ப்பில் சப்சொனிக் ஃபில்டர் இருந்தால் 25, 30 ஹேர்ட்ஸில் வையுங்கோ. காதுக்குக் கேட்காத அடி ஆழத்துக்கு மின்சாரம் வீணாகப் போவது நிற்கும். பேஸ் பூஸ்டைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாங்கோ. 6 டெசிபெல் பூஸ்ட் என்றால் அந்த இடத்தில் 4 மடங்கு வாட். கெய்ன் என்பது வொலியூம் இல்லை. அதை முழுசாகத் திருகினால் அலையின் தலை வெட்டுப்படும், சராசரி ஏறும், சப்பும் எரியும். பலருக்கு இந்த மூன்றும் சேர்ந்தே ஹெட்லைட் துடிப்பில் பெரும் பகுதியைக் குறைக்கும்.

அடுத்தது தொடுப்புகள். பற்றரி முனைகளில் வெள்ளைப் பூஞ்சணம் மாதிரி இருந்தால் சுத்தம் செய்யுங்கோ. ஆம்ப்பின் கிரவுண்ட் பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்கமாகப் பூட்டியிருக்க வேணும். பிறகு கார் ஓடியோக்காரர் "பிக் த்ரீ" என்று சொல்லும் மூன்று வயர்கள்: ஆல்டர்னேற்றரில் இருந்து பற்றரி பிளஸ், பற்றரி மைனஸில் இருந்து சசி, எஞ்சினில் இருந்து சசி. தொழிற்சாலை போட்ட வயர் தொழிற்சாலையின் லோடுக்குத்தான் அளந்தது. உப்புப் போட்ட ரோட்டில் பத்து வருடம் ஓடிய காரில் இந்தத் தொடுப்புகள் எந்த நிலையில் இருக்கும் என்று யோசியுங்கோ. ஹெட்லைட்டுக்கு இதுதான் நேரடி மருந்து. ஆனால் பிக் த்ரீ புது மின்சாரம் உண்டாக்காது, இருப்பதை வழியில் சிந்தாமல் கொண்டுவரும்.

ஒரு எச்சரிக்கை: புதுக் கார்கள் பலவற்றில் பற்றரி மைனஸ் முனையில் ஒரு கரண்ட் சென்சர் இருக்கும். ஆம்ப்பின் கிரவுண்டை நேராக அந்த முனையில் பூட்டாதேங்கோ, சென்சரைத் தாண்டிப் போய்விடும். சசியில் பூட்டினால்தான் கணக்கில் வரும்.

மூன்றாவது பற்றரி. ஏஜிஎம் பற்றரியின் உள்தடை குறைவு, திடீரென்று கேட்டால் வோல்ட்டேஜ் அதிகம் விழாமல் கொடுக்கும். லித்தியம் பற்றரி ஆசை காட்டும், ஆனால் லித்தியம் அயன் பொஸ்பேட் பற்றரியை 0 பாகைக்குக் கீழே சார்ஜ் பண்ணினால் அது பழுதாகும். சூடாக்கும் வசதி இல்லாத லித்தியத்தைக் கனடாவில் வெளியில் நிறுத்தும் காரில் போட வேண்டாம்.

கடைசியில்தான் கூட அம்பியர் ஆல்டர்னேற்றர். அதில் பெட்டியின் மேல் உள்ள பெரிய எண்ணைவிட ஐட்லிங்கில் எவ்வளவு தரும் என்று கேளுங்கோ. நீங்கள் மங்கலைப் பார்ப்பது கூடுதலும் சிவப்பு லைட்டில்தான்.

ஆம்ப் வாங்கும்போதே இதே சந்தேகம் வேணும். பெட்டியில் "3000 வாட்" என்று இருக்கும். ஆம்ப்பின் பக்கத்தில் உள்ள ஃபியூஸைப் பாருங்கோ. 30 அம்பியர் ஃபியூஸ் இரண்டு என்றால் 60 அம்பியர், 14 வோல்டில் 840 வாட் உள்ளே போகும், 80 வீதம் என்றால் 670 வாட் வெளியே வரும். மிச்சம் பெயின்ட். சீஇஏ-2006 என்று எழுதியிருந்தால் அந்த வாட் ஒரு பொது முறையில், 14.4 வோல்டில், 1 வீதத்துக்கு மேல் சிதைவு இல்லாமல் அளந்தது.

குளிரும் நெருப்பும்

கனடாவில் 1989 டிசம்பர் 1 க்குப் பிறகு செய்த கார்களில் பகல் நேர லைட் கட்டாயம். ஆகவே இங்கே லைட் லோட் இல்லாத ஓட்டம் என்று ஒன்று இல்லை. குளிரில் பற்றரிக்குள் இரசாயனம் மெதுவாகும், கொடுப்பதும் குறையும், சார்ஜ் ஏற்பதும் குறையும். ஆல்டர்னேற்றருக்குக் குளிர் நல்லம்தான், ஆனால் ஹீட்டர், சீற், டிஃப்ரொஸ்ட் எல்லாம் அதே நேரம் ஓடுது. இரவு வேலைக்குப் போகும் ஒருவரின் கார் 15 நிமிட ஓட்டத்தில் இழந்ததைத் திரும்ப ஏற்றாது. ஒரு கிழமை அப்படி ஓடினால், மைனஸ் 20 இல் ஒரு விடியக்காலை ஸ்டார்ட் ஆகாது. 12.3 இல் பாட்டுக் கேட்பதன் உண்மையான விலை அது. லைட் துடிப்பது அதற்கு முன்னோட்டம்.

ஃபியூஸ் விசயத்தில் விட்டுக்கொடுப்பே இல்லை. பற்றரி பிளஸ்ஸில் இருந்து டிக்கிக்குப் போகும் வயரில், பற்றரியில் இருந்து 18 அங்குலத்துக்குள், ஒரு ஃபியூஸ் இருக்க வேணும். ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. எஞ்சின் பக்கத்தில் இருந்து உள்ளே வரும் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் வயர் உரசித் தேய்ந்து இரும்பைத் தொட்டால், பற்றரி பல நூறு அம்பியரை ஒரே அடியில் தள்ளும். ஃபியூஸ் இல்லை என்றால் வயரே ஹீட்டர், அதற்கு மேலே கார்ப்பெட். ஆல்டர்னேற்றருக்குப் போடும் புது வயரிலும் ஃபியூஸ் வேணும். பெரிய மாற்றங்கள் செய்தால் காப்புறுதிக்காரருக்குச் சொல்லிவிடுங்கோ, ஒன்ராறியோவில் அது உங்கள் பொறுப்பு.

கேள்வி கேட்ட தம்பிக்கு: கப்பாசிற்றர் காசை இப்போதைக்கு வங்கியிலேயே வையுங்கோ. அம்மா வேலைக்குப் போகும் நாட்களில் சப்பை ஓஃப் பண்ணிக் கொடுங்கோ, ஆம்ப்பின் ரிமோட் வயரில் ஒரு சின்ன சுவிட்ச் போட்டால் ஒரு விரல் வேலை. சனிக்கிழமை ஐந்து அளவையும் எடுத்து அனுப்புங்கோ. நீங்கள் மட்டும் இல்லை, ஆம்ப் பூட்டியிருக்கிற எல்லாரும் அனுப்பலாம். காரின் வருடம், மாடல், ஆம்ப்பின் ஃபியூஸ் அளவு, ஐந்து எண்கள், அவ்வளவுதான். போதுமான அளவு வந்தால் ஒரு எபிசோட்டில் பெயர் இல்லாமல் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.